மோதிரம் யாருக்குச் சொந்தம்?

தோழா!

நள்ளிரவு கடந்து மணி ஒன்றரை. அமெரிக்க நாடு உறங்குகிறது. அந்த வேளையில், எஃப்.எக்ஸ்.எக்ஸ். என்ற தொலைக்காட்சியிலே ஒரு நாடகம் ஒளிபரப்பாகிறது. முன்னறிவிப்பு இல்லை; சுவரொட்டி இல்லை; 'காணத் தவறாதீர்கள்' என்ற கூவல் இல்லை. அரை மணி நேரத்திற்குள் முடிந்தும் விடுகிறது. 2015ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்களில் நடந்தது இது.

என்ன நாடகம் தெரியுமா? ராபர்ட் ஜோர்டன் என்ற எழுத்தாளர் பல்லாண்டு பாடுபட்டுப் படைத்த 'தி வீல் ஆஃப் டைம்' என்ற மாயக் கதை வரிசையின் தொடக்கப் பகுதி. பதினான்கு பெரும் நூல்கள் கொண்ட வரிசை அது. முடிக்கும் முன்பே, 2007இல் அவர் மறைந்தார். எஞ்சியதை வேறோர் எழுத்தாளர், பிராண்டன் சாண்டர்சன், எழுதி முடிக்க, 2013இல் இறுதி நூல் வந்தது. நாடு பல கடந்து வாசகர் பெற்ற கதை. அதனை, ஊர் உறங்கிய பிறகு, ஒருவர் கண்ணிலும் படாமல் காட்டுவானேன்?

நாடகம் எழுதுபவன் நான். எனவே, கற்பனையாக ஓர் உரையாடல் அமைத்துப் பார்க்கிறேன்.

"இந்த நேரத்தில் காட்டினால் யார் பார்ப்பார்கள்?"

"யாரும் பார்க்க வேண்டியதில்லை."

"பார்ப்பதற்கில்லாவிட்டால், எடுப்பானேன்?"

"பதினோராம் தேதியோடு உரிமம் முடிகிறதே, ஐயா! அதற்கு முன் ஒரு முறை ஒளிபரப்பிவிட வேண்டும்!"

உரையாடல்தான் கற்பனை, உள்ளே இருக்கும் செய்தி உண்மை. தொலைக்காட்சி உரிமை சில நாட்களில் தம் தரப்புக்குத் திரும்பிவரும் என்று, மறைந்த எழுத்தாளரின் துணைவியார் ஹாரியட் மெக்டூகல் காத்திருந்தார். தம்மைக் கேளாமல், தமக்குத் தெரியாமல் எடுக்கப்பட்டது இந்தப் படம் என்று அவர் அறிவித்தார். அறிவித்ததற்காக அவர் மீதே வழக்குத் தொடுத்தனர், உரிமம் வைத்திருந்த நிறுவனத்தார்! பின்னர் 2016இல் பிணக்குத் தீர்ந்தது; 2021இல் அமேசான் நிறுவனத்தின் வாயிலாகத் தொடர் வந்தது; மூன்று பருவம் ஓடி, 2025இல், கதை முடியாமலே நிறுத்தப்பட்டது.

ஆக, 2015இல் அந்த நள்ளிரவு நாடகம் மக்களுக்காக நடத்தப்பட்டதா? இல்லை. கலைக்காகவா? இல்லை. ஒரு தாளுக்காக நடத்தப்பட்டது. தாளில் எழுதப்பட்ட ஒரு தேதிக்காக நடத்தப்பட்டது.

தோழா! "நாட்டிலே ஆயிரம் சிக்கல் இருக்க, அமெரிக்கக்காரன் மாயக் கதை நமக்கு எதற்கு?" என்று நீ கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நம் இயக்கம் எதனால் வளர்ந்தது? கதையால் வளர்ந்தது, நாடகக் கொட்டகையால் வளர்ந்தது, திரையரங்கால் வளர்ந்தது. ஒரு கதையை யார் சொல்லலாம், எங்கே சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது, மற்ற எவருக்கு அற்பமாகத் தோன்றினாலும், நமக்கு அற்பமாகத் தோன்றலாகாது. அதற்காகவே இந்தக் கதைகளைச் சொல்ல வந்தேன்.

மாயக் கதைகளிலே பேரரசு அமைத்தவர், இங்கிலாந்து நாட்டுப் பேராசிரியர் டோல்கீன். 1937இல் 'தி ஹாபிட்'. 1954, 1955 ஆண்டுகளில் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்று பாகங்கள். ஒரு மோதிரம், அதை அணிந்தவனுக்கு அளவிலா ஆற்றல், அந்த ஆற்றலே அவனை அழித்துவிடும் என்பதுதான் கதை. அதிகாரம் குறித்து எழுதப்பட்ட அந்தக் கதையே, அதிகாரப் போட்டியில் சிக்கிக்கொண்டதுதான் வேடிக்கை!

1969இல், இந்த நூல்களைத் திரைப்படமாக்கும் உரிமை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 1976இல் அது சால் ஜேன்ட்ஸ் என்ற தயாரிப்பாளர் கைக்குச் சென்றது. பீட்டர் ஜாக்சன் இயக்கிய மூன்று படங்கள் 2001 முதல் 2003 வரை உலகைச் சுற்றிவந்து, கோடி கோடியாகக் குவித்தன. குவித்தும், ஒப்பந்தப்படி வரவேண்டிய பங்கு வரவில்லை என்று எழுத்தாளரின் மரபுரிமையாளர்கள் 2008இல் வழக்காடினர், 2009இல் சமரசமாயிற்று. 2022இல் அந்த உரிமைகளை ஸ்வீடன் நாட்டு எம்பிரேசர் என்ற நிறுவனம் விலைக்கு வாங்கிவிட்டது. எழுதியவர் இங்கிலாந்தில், வாங்கியவர் அமெரிக்காவில், வாங்கியவரிடம் வாங்கியவர் ஸ்வீடனில்! காணி நிலம் கைமாறுவது போல ஒரு கனவு கைமாறிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் ஒன்றை மட்டும் 1969இல் எழுத்தாளர் தரப்பு முழுவதும் விட்டுவிடவில்லை. திரைப்படம் வேறு, நீண்ட தொலைக்காட்சித் தொடர் வேறு. எட்டுப் பகுதிகளுக்கு மேற்பட்ட தொடருக்கான உரிமை எழுத்தாளர் தரப்பிலேயே தங்கிவிட்டது. அந்த நாளில் அதற்கு யார் விலை வைத்திருப்பார்கள்? ஐம்பது ஆண்டுக்குள், வீட்டுக்கு வீடு இணையத்தின் வழியே திரை விரிந்தபோது, அந்தச் சிறு விதி பொற்சுரங்கமாயிற்று. 2017இல் அமேசான் அதைப் பெற்றது. உரிமைக்கு மட்டும் ஏறத்தாழ 25 கோடி டாலர் என்று ஏடுகள் எழுதின. படம்பிடிக்க அல்ல, தோழா. படம்பிடிக்க அனுமதி பெற மட்டும்!

அவ்வளவு கொட்டிக் கொடுத்தும் அவர்களுக்குக் கிடைத்தது என்ன? 'தி ஹாபிட்', 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்', அதன் பிற்சேர்க்கைகள். அவ்வளவே. டோல்கீன் மறைவுக்குப் பின், அவர் மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1977இல் வெளியிட்ட 'தி சில்மரில்லியன்' நூலின் உரிமை விற்கப்படவில்லை. ஆனால் அமேசான் எடுக்க நினைத்ததோ மோதிரங்கள் பிறந்த பழங்காலத்துக் கதை! அந்தக் காலத்தின் விரிந்த கதை எங்கே இருக்கிறது? விற்கப்படாத நூலிலே. விற்கப்பட்ட நூலில் இருப்பதோ, பிற்சேர்க்கையிலே உள்ள ஆண்டுக் குறிப்பு: இந்த ஆண்டில் பகைவன் கம்மியரை மயக்கினான், இந்த ஆண்டில் மோதிரம் வார்க்கத் தொடங்கினர், இந்த ஆண்டில் பகைவன் தன் மோதிரத்தை வார்த்தான் என்ற அளவிலே, பஞ்சாங்கம் போல!

பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு பெருங்காவியம் பாடு என்றால் என்ன செய்வான் புலவன்? பகைவன் எப்படி வந்தான், என்ன பேசினான், எப்படி ஏமாற்றினான் என்ற விரிவு அடுத்த வீட்டுப் பெட்டகத்தில், பெட்டகத்துக்குப் பூட்டு, பூட்டின் சாவி வேறொருவரிடம். எனவே, நூலில் எங்கும் இல்லாத ஹால்பிராண்ட் என்ற ஒருவனைப் புதிதாகப் படைத்து, அவனுக்குள் பகைவனை ஒளித்துவைத்தனர். 'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' என்ற பெயரில் 2022இல் முதல் பருவம், 2024இல் இரண்டாம் பருவம், பருவத்துக்கு எட்டுப் பகுதியாக வந்தது அந்தத் தொடர். "மூல நூலில் இப்படி இல்லையே! எழுத்தாளனுக்கு இரண்டகம்!" என்று வாசகர்களில் ஒரு சாரார் கொதித்தெழுந்தனர். எழுதியவர்களைத் தூற்றினர், நடித்தவர்களை ஏசினர், கறுப்பு நிற நடிகர்களை நிறத்தைச் சொல்லியே இழிவுபடுத்தினர்.

கொதித்தவர்களில் எத்தனை பேர், தோழா, ஒப்பந்தத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தனர்? மேடையில் நிற்பவனை நோக்கிக் கல்லெறிவது எளிது. மேடைக்குப் பின்னால், மேசையருகே அமர்ந்து, 'இதுவரை வா, இதற்கு மேல் வராதே' என்று கோடு கிழித்தவனை யார் பார்க்கிறார்கள்? தொடரில் குறைகள் இல்லை என்று நான் வாதாட வரவில்லை. காலக் கணக்கைச் சுருக்கியது போன்றவை எடுத்தவர்கள் தாமே விரும்பிச் செய்தவை. அவற்றுக்கு அவர்களே பொறுப்பு. ஆனால் எது கலைஞனின் தவறு, எது தாளின் தளை என்று பிரித்தறியத் தெரியாத கோபம் குருட்டுக் கோபம். குருட்டுக் கோபத்தால் ஆதாயம் அடைபவன் எப்போதும் மறைந்திருப்பவனே!

வேலி சில வேளை காக்கவும் செய்யும் என்பதை மறுக்கவில்லை. 'தி சில்மரில்லியன்' இன்னமும் சந்தைக்கு வராமல் இருப்பது, அது விற்கப்படாததால்தான். வேலியே கூடாது என்பதல்ல என் வாதம். வேலியின் சாவி யாரிடம் என்பதே என் கேள்வி. சாவி படைத்தவனிடம் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு மற்றொரு சான்று காட்டுகிறேன். இது நம் நெஞ்சைத் தொடும் சான்று.

உர்சுலா லெ குவின் என்ற அமெரிக்க எழுத்தாளர். 'எர்த்சீ' என்ற தீவுக் கூட்டத்தைக் கற்பனையில் படைத்தார். 1968இல் முதல் நூல். மாயக் கதையென்றால் வீரன் வெள்ளையன், தீயவன் கறுப்பன் என்றிருந்த காலம். அந்த அம்மையார் அதைத் தலைகீழாகப் புரட்டினார். அவருடைய கதைத் தலைவன் கெட், செம்பழுப்பு நிறத்தவன். அவன் உயிர்த் தோழன், கறுப்பு நிறத்தவன். அந்தத் தீவுகளில் பெரும்பாலோர் வெண்ணிற மாந்தர் அல்லர். வேண்டுமென்றே, தெரிந்தே, அப்படி எழுதினார்.

2004இல் அந்தக் கதை சை-ஃபை தொலைக்காட்சியில் தொடராக வந்தது. கெட்டாக வந்து நின்றவர் யார்? வெள்ளை நடிகர்! ஒப்பந்தத்தில் அம்மையாருக்கு 'ஆலோசகர்' என்று ஒரு பட்டம் இருந்தது. பட்டம் இருந்தது, அதிகாரம் இல்லை. ஆலோசகர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவர் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று: என் எர்த்சீயை வெள்ளையடித்துவிட்டார்கள் என்று பகிரங்கமாகக் கட்டுரை எழுதினார்.

நிறத்தின் பெயரால் இழிவைச் சுமந்த மக்கள் நாம். ஒரு கதையின் உயிரே அதன் நிறத்தில் இருக்கும்போது, அந்த உயிரை ஒரு கையெழுத்து பறித்துவிட்டது என்பது நமக்கு விளங்கும். அங்கே யாரும் அவர் நூலை எரிக்கவில்லை, தடை செய்யவில்லை. பணம் கொடுத்தார்கள், ரசீது பெற்றார்கள், பிறகு மாற்றிவிட்டார்கள். அடக்குமுறையைவிட அமைதியான முறை இது!

"அப்படியானால் எழுத்தாளன் கதி இவ்வளவுதானா? மக்களால் ஆவது ஒன்றுமில்லையா?" என்று சோர்வடையாதே, தோழா. 1965ஆம் ஆண்டுக்கு வா. அமெரிக்காவில் ஏஸ் புக்ஸ் என்ற பதிப்பகம், அந்நாட்டுச் சட்டத்தில் ஒரு சந்து இருப்பதாகக் கருதி, டோல்கீனின் அனுமதி பெறாமலே, அவருக்குக் காசு கொடுக்காமலே, 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நூலை மலிவுப் பதிப்பாக வெளியிட்டது. விலை 75 சென்ட். பிறகு, அனுமதி பெற்ற பதிப்பை பாலன்டைன் நிறுவனம் வெளியிட்டது. விலை 95 சென்ட். உயிருடன் இருக்கும் எழுத்தாளருக்கு மதிப்பளிப்போர் இதையே வாங்குக என்ற வேண்டுகோளை, டோல்கீன் பெயராலேயே, அட்டையில் அச்சிட்டனர். அமெரிக்க வாசகர்களுக்கு அவர் தாமே கடிதங்களில் எழுதித் தெரிவித்தார். என்ன நடந்தது? வாசகர்கள் திரண்டனர். மலிவுப் பதிப்பைப் புறக்கணித்தனர். 20 சென்ட் கூடுதலாகக் கொடுத்து நேர்மையான பதிப்பை வாங்கினர். எழுத்தாளருக்கு உரிய தொகையைத் தரவும், மறுபதிப்புப் போடாதிருக்கவும் ஏஸ் நிறுவனம் இசைந்தது.

சட்டம் கைவிட்டதாகத் தோன்றிய இடத்தில், வாசகர் கை கொடுத்தனர். வழக்குமன்றம் அல்ல, வாசகர் மன்றம் தீர்ப்பளித்தது!

நம் நாட்டிலும் அத்தகைய எழுச்சி நடந்ததுண்டு. பாரதியார் 1921இல் மறைந்தார். அவர் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை, கைமாறிக் கைமாறி, படமுதலாளி ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. விடுதலை பெற்ற நாட்டில், விடுதலைப் பாட்டைப் பாட அனுமதிச் சீட்டா என்று தமிழ்நாட்டு எழுத்தாளர்களும் கலைஞர்களும் குரல் எழுப்பினர். 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையைப் பெற்றது; செட்டியாரும் விலை பேசாமல் ஒப்படைத்தார். பின்னர் அது மக்கள் அனைவருக்குமே பொதுவாக்கப்பட்டது. அந்த விதையிலிருந்து வளர்ந்ததுதான் இன்று நூல்களை நாட்டுடைமையாக்கும் மரபு. மரபுரிமையாளருக்குத் தொகை வழங்கி, நூலை மக்களுக்கு வழங்கும் முறை. படைத்தவன் குடும்பமும் பட்டினி கிடக்காது. படைப்பும் பூட்டிக் கிடக்காது. அண்ணாவின் நூல்களும் கல்கியின் நூல்களும் அவ்வாறே நம் அனைவருக்கும் உரியவையாயின.

ஆனால் அது மறைந்தவர்களுக்கு. இருப்பவர்களுக்கு?

என் கதையை நான் சொல்ல விரும்பியதில்லை. பொருள் கேட்பதால் சொல்கிறேன். ஆறாண்டுகளுக்கு முன் என் நாடகம் ஒன்றைத் தொடராக எடுக்கப்போவதாகச் சொல்லி ஒரு நிறுவனத்தார் வந்தனர். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான்; மேடையில் ஆயிரம் பேர் முன் பேசத் தெரியும்; இருபது பக்க ஒப்பந்தத்தை வாசிக்கத் தெரியாது. முன்பணம் வாடகைக்கு உதவிற்று. கையெழுத்திட்டேன். தொடர் எடுக்கப்படவில்லை. இன்றுவரை ஒரு காட்சிகூட எடுக்கப்படவில்லை. சென்ற ஆண்டு நம் மாவட்ட மாநாட்டில் அதே நாடகத்தை நடத்தித் தருமாறு தோழர்கள் கேட்டனர். ஒத்திகையும் தொடங்கிவிட்டது. அப்போதுதான் வழக்கறிஞர் தோழர் ஒருவர் அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்து, "மேடை உரிமையும் இதில் போய்விட்டது, ஐயா!" என்றார். எழுதியவன் நான், வசனம் என் நாவில், நடிக்க வந்தவர்கள் என் தோழர்கள். ஆனாலும் திரை உயரவில்லை. நாடகம் நிறுவனத்தாரின் அலமாரியில் உறங்குகிறது.

அந்த வழக்கறிஞர் தோழர் எனக்குச் சொல்லித் தந்ததை உனக்குச் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது: உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், அந்த உரிமை தானே காலாவதியாகும். எத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால், ஐந்தாண்டு மட்டுமே. எந்த எல்லைக்குள் என்று சொல்லாவிட்டால், இந்தியாவுக்குள் மட்டுமே. 2012இல் வந்த திருத்தத்தால் 18ஆம் பிரிவிலும் ஒரு பாதுகாப்பு உண்டு: ஒப்பந்தம் எழுதிய நாளில் இல்லாத புதிய ஊடகத்துக்கு, குறிப்பாகச் சொல்லப்பட்டாலன்றி, உரிமை செல்லாது.

நல்ல சட்டம்தானே என்று மகிழாதே! மாளிகைக்கு முன்வாசல் பூட்டி, பின்வாசலைத் திறந்துவைத்தாற்போல ஒரு தொடர் அந்தச் சட்டத்தில் இருக்கிறது: 'ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் குறிப்பிடப்பட்டாலன்றி.' ஒப்பந்தத்தை எழுதுபவர் யார்? பணம் வைத்திருப்பவர். அவர் குறிப்பிடாமல் விடுவாரா? 'ஓராண்டு விதி இதற்குப் பொருந்தாது, உலகமெங்கும், என்றென்றும், இன்றுள்ள ஊடகங்களிலும், இனித் தோன்றும் ஊடகங்களிலும்' என்று எழுதிவிடுகிறார். என் ஒப்பந்தத்திலும் அவ்வாறே எழுதியிருந்தது. சட்டம் கொடுத்ததை ஒரே வரி பறித்துக்கொண்டது.

எனவே நாம் கேட்க வேண்டியது என்ன? உரிமத்தை ஒழி என்றல்ல. எழுதுபவன் உண்ண வேண்டும். எடுப்பவன் முதலிட வேண்டும். இருவருக்கும் ஒப்பந்தம் வேண்டும். நாம் கேட்பது, அந்தப் பின்வாசலை அடைக்க வேண்டும் என்பது. பயன்படுத்தாத உரிமை படைத்தவனிடம் திரும்ப வேண்டும். அதை எந்த ஒப்பந்தத்தாலும் விட்டுக்கொடுக்கச் செய்ய இயலாது என்று சட்டம் சொல்ல வேண்டும். ஓராண்டு குறைவு என்பாரானால், மூன்றாண்டு என்று வைத்துக்கொள்ளட்டும். ஆனால், முடிவே இல்லாத உறக்கத்துக்கு ஒரு படைப்பை உட்படுத்தும் உரிமை எவருக்கும் இருத்தலாகாது. நள்ளிரவு ஒன்றரை மணிக்கு ஒப்புக்குக் காட்டிவிட்டு 'பயன்படுத்திவிட்டோம்' என்று கூறுவதும் செல்லாது என்று விளக்கமாக எழுத வேண்டும்.

இதை நம் சட்டமன்றம் செய்யலாமே என்பாய். முடியாது, தோழா. பதிப்புரிமை, அரசியல் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலிலே, 49ஆம் இனமாக இருக்கிறது. தமிழில் எழுதி, தமிழ் மேடையில் நடிக்கும் நாடகத்தின் விதியை எழுதுவது டில்லி! ஆகவே, நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அங்கே குரல் எழுப்ப வேண்டும். மாநிலத்தால் செய்யக்கூடியதும் உண்டு: எழுத்தாளருக்கு நேர்மையான மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தமிழில் வகுத்து வெளியிடலாம், கையெழுத்திடும் முன் இலவசமாக வாசித்து விளக்கும் வழக்கறிஞர் உதவியை மாவட்டந்தோறும் அமைக்கலாம்.

நீ செய்யக்கூடியது என்ன? உன் கிளையிலும் எழுதும் இளைஞன் ஒருவன் இருப்பான். எழுதும் இளம்பெண் ஒருத்தி இருப்பாள். நாளை அவர்களைத் தேடி ஒரு கார் வந்து நிற்கும்; இனிப்பான பேச்சோடு இருபது பக்கத் தாளும் வரும். அன்று நீ அருகில் இரு. "எத்தனை ஆண்டு? எந்தெந்த ஊடகம்? எடுக்காவிட்டால் எப்போது திரும்பும்? மாற்றினால் மறுக்கும் அதிகாரம் யாருக்கு?" இந்த நான்கு கேள்வியைக் கேட்கச் சொல். விடை தாளில் வந்த பிறகே பேனாவைத் திறக்கச் சொல்.

டோல்கீனின் நூல்கள் இந்தியச் சட்டப்படி 2033 முடியும்வரையும், இங்கிலாந்துச் சட்டப்படி 2043 முடியும்வரையும் வேலிக்குள் இருக்கும். அதுவரை அந்த மோதிரம் யார் விரலில் என்று நிறுவனங்கள் வழக்காடிக்கொள்ளட்டும். நம் பிள்ளைகள் படைக்கும் மோதிரம் அவர்கள் விரலிலேயே இருக்கட்டும். என் நாடகம் போயிற்று. அடுத்தவன் நாடகம் போகாதிருக்க, நாடாளுமன்றத்திற்கு நம் கோரிக்கை போகட்டும். வரும் கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவா, தோழா!